வல்லினம் மிகும் இடம்

என் முனைவர் பட்டத் தலைப்பு ‘அகப்பாடல்களில் அறத்தொடு நிற்றல்’. தலைவி தன் காதலைத் தோழியிடம் சொல்வாள். தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் அப்பாவிடமும் அண்ணன்மாரிடமும். சங்கடமான சங்கதியைப் பெரியவர்கள் காதில் எப்படிப் போடுவது என்று நாலு வருடமாக ஆராய்கிறேன். நெறியாளர் அறைக்குள் போய், “ஐயா, வீட்டில் ஒரு பிரச்சினை” என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பகலும் ஆஸ்பத்திரி, ராத்திரியும் ஆஸ்பத்திரி. மூன்றாம் இயல் அப்பாவைப் போலவே அசையாமல் கிடந்தது. 2022-ஆம் ஆண்டு யுஜிசி விதிகளைப் புரட்டினேன். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் கூடுதலாக 2. பெண் என்பதால் இன்னும் 2. பேறுகால விடுப்பு 240 நாள். பிள்ளை பெற்றால் எத்தனை நாள் என்று இருக்கிறது. பெற்றவர் விழுந்தால் எத்தனை என்பதுதான் கண்ணில் படவில்லை.

சரி, தொல்காப்பியர் காட்டிய வழி இருக்கிறதே என்று சீனியர் அக்காவிடம் சொன்னேன். அக்கா ஆபீஸ் கிளார்க் அண்ணனிடம், அண்ணன் டீக்கடையில் உதவிப் பேராசிரியர் ஒருவரிடம். மறுநாளே ஐயா கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“ரொம்ப சந்தோஷம்மா. மாப்பிள்ளை என்ன பண்றார்?”

அக்கா சொல்லிவிட்டது, ‘வீட்டுச் சூழ்நிலை சரியில்லை, லீவு வேண்டுமாம்’ என்று மட்டும்தான். கிளார்க்குக்கும் டீக்கடைக்கும் நடுவே எங்கேயோ சூழ்நிலை இறங்கிக்கொள்ள, கல்யாணம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆய்வு மாணவி லீவு கேட்டால் வேறென்ன காரணம் இருக்க முடியும்?

உள்ளதைச் சொன்னேன். ஐயா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் வெகுநேரம் துடைத்தார். “அடடா… எழுதிக் கொடும்மா, நான் பார்த்துக்கறேன்.”

எழுதிக் கொடுத்தேன். கையில் சிவப்புப் பேனா ஏறியதும் ஐயா வேறு ஆள். ‘விழுந்துவிட்டதினால்’ என்பதில் ‘தினா’வை அடித்து ‘தா’ ஆக்கினார். ‘ஒரு மாதம் காலம்’ என்பதில் ‘ம்’ போனது. ‘அறுவை சிகிச்சை’க்கு நடுவே ஒரு ‘ச்’ வந்து உட்கார்ந்தது.

“முன்னுரை நீளம்மா. அப்பா முதல் வரியிலேயே விழட்டும்.”

இரண்டாம் வரைவில் அப்பா முதல் வரியில் விழுந்தார். எந்தத் தேதியில் என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. மூன்றாம் வரைவில்தான் கையெழுத்து விழுந்தது. அதற்குள் அங்கே அப்பாவுக்கு பிளேட்டே வைத்து முடித்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆறு சாத்துக்குடியுமாக ஐயா வார்டில் வந்து நின்றார். அப்பா பதறி எழுந்திருக்கப் பார்க்க, “படுங்க, படுங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் இருவரும் மூட்டுவலி பேசினார்கள். மூன்றாம் இயலைப் பற்றி ஒரு பேச்சில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

லிஃப்ட் வரை கூடப் போனேன். வார்டு வாசலில் சட்டென்று நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார். நீலப் பலகையில் முழ நீள எழுத்தில் ‘அறுவை சிகிச்சை பிரிவு’. ஐயாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

“ரெண்டு இடம்மா,” என்றார் மெதுவாக. “இங்கே ஏணி ஏதாவது கிடைக்குமா?”