போஸ்ட்-டாக் பாஷ்யகாரர்

முனைவர் பட்டம் கைக்கு வந்து நாலு வருஷமாகியும், அடுத்த ஆராய்ச்சி உத்தியோகத்துக்கான விளம்பரங்களைப் பாராயணம் செய்வதையே நித்திய கர்மாவாகக் கொண்டிருக்கும் மனிதர் உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். என் தெருவில் இருப்பவர் எம்.ஆர்.ஐ. பிம்பங்களில் பண்டிதர்.

விளம்பரம் என்பது அவருக்குச் சூத்திரம். "பணி ஓராண்டுக்கு, நிதி இருப்பின் நீட்டிக்கப்படும்" என்று ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டால், என் சாய்வு நாற்காலியில் சாவகாசமாக அமர்ந்து, "'நீட்டிக்கப்படும்' என்கிறானே, நீட்டுகிற கர்த்தா யார் சார்? செயப்பாட்டுவினை! நாளைக்கு எவன் சட்டையைப் பிடிப்பது?" என்று தொடங்குவார். '7 டெஸ்லா கருவி உண்டு' என்றால், கருவிதான் உண்டு, அதில் நமக்கு நேரம் உண்டென்று எங்கே சொன்னான் என்பார். 'சுயமாக இயங்கும் ஆர்வமுடையவர் தேவை' என்பதற்கு, பேராசிரியர் ஊரில் இருக்கமாட்டார் என்று பொருள். 'தகுதிக்கேற்ற ஊதியம்' என்ற தொடருக்கு மட்டும் அவர் உரை சொல்வதில்லை, பெருமூச்சு விடுவார். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஆளெடுப்பவர்கள் தொகையை நேரே எழுதியிருந்தால் இந்தப் பாஷ்யம் பிறந்தேயிராது.

ஐரோப்பாவின் மேரி கியூரி உபகாரச் சம்பளத்துக்கான அறிவிப்பு வந்துவிட்டாலோ அவர் ஜோதிடராகிவிடுவார். பட்டத்துக்குப் பிந்திய ஆராய்ச்சி அனுபவம் 8 ஆண்டை மிஞ்சக்கூடாது, கடைசித் தேதிக்கு முந்திய 36 மாதத்தில் போகிற நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக்கூடாது என்ற விதிகளைக் காலண்டரோடு வைத்து, சனிப்பெயர்ச்சி கணிப்பதுபோல் விரல் விட்டு எண்ணுவார். இத்தனைக்கும் அவர் மீனம்பாக்கத்திலிருந்து ஒருநாளும் விமானம் ஏறியவரல்லர்.

என் முழங்கால் ஸ்கேனைக் காட்டினேன். படத்திலிருந்த நிழல்களில் எது கருவியின் பிழை என்று மட்டும் சொன்னார். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆயினும் அவரை வெறுக்க முடிவதில்லை. சி.டி. ஸ்கேனுக்காக 1979-ல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டு முனைவர் பட்டமே வாங்காதவர் என்பதைச் சொல்லித் தாம் வாங்கியதற்குச் சிரித்துக்கொள்வார். நம் ஜி. என். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் 1971-ல் எழுதிய கணிதம், எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து பிம்பத்தை மீட்கும் 'ராம்-லாக்' வடிகட்டியாக இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குவதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிடும். அப்போது இன்னொரு டம்ளர் காப்பி கொடுக்கத் தோன்றும்.

கொடுத்துக் கொடுத்துத்தான் இந்தக் கதி. அவர் விண்ணப்பம் எழுதுவதே இல்லை. சென்ற செப்டம்பரில், மேரி கியூரிக்குப் பிரஸ்ஸல்ஸில் மாலை 5 மணிக்குக் கதவடைத்தார்கள். நமக்கு அது இரவு 8.30. அந்நேரம் அவர் என் வீட்டில், வேறொரு விளம்பரத்தின் முதல் வாக்கியத்துக்குப் பதவுரை சொல்லிக்கொண்டிருந்தார்.