லேசா சுகர்

சுகர் உள்ளவர் கப்பல் சுற்றுலா போனால் எந்த இன்ஷூரன்ஸ் எடுக்கலாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சல்.

நேற்று ராத்திரி ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பினேன். கப்பல் ஏறுவது பார்சிலோனாவில். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்டியாக வேண்டும், தப்ப வழியில்லை. ‘ஏற்கெனவே நோய் உண்டா?’ ஆம், இல்லை. இரண்டே கட்டம்.

இதைத் தயாரித்தவர் நம் ஊரில் சாப்பிட்டு வளர்ந்தவராக இருக்க முடியாது. நம்மில் யாருக்கய்யா சுகர் ‘இருக்கிறது’? லேசா இருக்கும். பார்டரில் இருக்கும். பெரியப்பா கடைசிவரை பார்டரிலேயே குடியிருந்தார், இன்சுலின் சகிதம். மைத்துனருக்கு வந்திருப்பது டென்ஷன் சுகர். ஆபீஸ் மாறினால் போய்விடும். எதிர்வீட்டு மாமிக்கு மாத்திரை போடுவதால் சுகர் கிடையாது. மாமாவுக்கு மாத்திரையே போடாததால் கிடையாது. பந்தியில் ஜாங்கிரி விழுந்துவிட்டால் மொத்த வரிசைக்கும் அன்று விடுமுறை, “ராத்திரி அரை மாத்திரை சேத்துப் போட்டா சரியாப்போச்சு.” ரத்தம் கொடுப்பதற்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பாகற்காய், வெந்தயம், மொட்டைமாடியில் நடை. அந்தப் பாழாய்ப்போன ஏ1சி மூன்று மாதக் கதையையும் கக்கிவிடும். “லேப் சரியில்லை, வேற இடத்துல பாக்கணும்.” காபிக்கு மட்டும் சர்க்கரை வேண்டாம் என்போம், கூடவே ரெண்டு மைசூர்பாகு.

எனக்கும் லேசாகத்தான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, பி.பி.க்குத் தனியாக ஒன்று.

ஏஜென்ட் தம்பிக்குப் போன் போட்டேன்.

“ஆம்னே போடுங்க சார். மறைச்சா க்ளெய்ம் நிக்காது.”

“போட்டா?”

“இந்த பாலிசில பழைய வியாதின்னா உயிருக்கு ஆபத்தா இருந்தாத்தான் கவர் ஆகும் சார்.”

“ஆபத்துன்னு யார் சொல்வா?”

“க்ளெய்ம் டீம் பார்ப்பாங்க சார்.”

ஆக, நடுக்கடலில் மயங்கினால் போதாது. போதுமான அளவு மயங்க வேண்டும். அரைகுறையாக மயங்கி, கப்பல் டாக்டர் ஒரு டிரிப் ஏற்றி எழுப்பி உட்காரவைத்தால், பில் டாலரில் நம் ரூம் கணக்கில் ஏறும்.

விடவில்லை நான். பழைய நோய்க்கான காத்திருப்புக் காலத்தை 2024-இல் 48 மாதத்திலிருந்து 36 ஆகக் குறைத்தார்களே என்றேன். “அது ஹெல்த் பாலிசிக்கு சார், இது டிராவல்.” பாலிசியே பத்து நாளைக்குத்தான், இதில் எங்கே காத்திருப்பது!

என் அப்பா காலத்து வியாதி வரை கேட்கிறார்கள். கப்பலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேலும் கேக்கும் ஐஸ்கிரீமுமாகப் பரப்பிவைப்பார்களே, அதைப்பற்றி ஒரு கேள்வி கிடையாது.

பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஆம்’ போட்டேன். பிரீமியம் எகிறியது. அடுத்தது மனைவியின் பக்கம்.

“தைராய்டு உண்டான்னு கேக்குறான்.”

“அதெல்லாம் ஒரு வியாதியா? இல்லைன்னு போடுங்க.”