தொழுவ வாசத்துக்கு டிக்கெட்டு

ஏப்பு, கேம்பிரிட்ஜுல பீரு திருவிழாவாமே, முதத் தடவையாப் போறியாமே. நீ போன்ல சொன்னப்ப அப்பத்தா பக்கத்துல இருந்தா. திருவிழான்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். எந்தச் சாமிக்குன்னு அவ கேக்கலை. இப்ப அவ கடைத்தெருவுக்குப் போயிட்டா. சொல்றதைக் கேட்டுக்க.

அது 1974லேருந்து நடக்குற விழா. நடத்துற கேம்ராங்கிற சங்கத்தை 1971ல நாலு பேரு, அயர்லாந்துக்குச் சுத்திப் பாக்கப் போன இடத்துல ஆரம்பிச்சிருக்கானுங்க. நம்ம ஆளு நாலு பேரு குடிக்கப் போனா சண்டைதான் ஆரம்பிக்கும். அந்த நாலு பேரோட வம்பு என்னன்னா, பீப்பாய்க்குள்ள ஈஸ்ட்டு உசுரோட இருக்கணும், மேலேருந்து கேஸ் அடைக்கக் கூடாது, திறந்துட்டா சில நாளைக்குள்ள தீத்துப்புடணும். 11லேருந்து 13 டிகிரி குளிர்ச்சிதான் இருக்கும். "ஐஸ் இல்லையா"ன்னு கேட்டு ஊர் மானத்தை வாங்கிப்புடாத.

அந்தக் கேம்பிரிட்ஜுக்கு 1914ல நம்ம கும்பகோணத்து ராமானுஜன் போனாரு. சுத்த சைவம், தானே பொங்கித் தின்னுக்கிட்டுக் கணக்குப் போட்டாரு. ஒன்கிட்ட அம்புட்டு எதிர்பாக்கலை. ஒரே ஒரு கணக்குப் போடு. ஒரு பைண்ட்டுங்கிறது 568 மில்லி. நாலு சதவீத பீருன்னா அதுல சாராயச் சத்து 23 மில்லி. ஏழு சதவீத சைடருன்னா 40. ஆப்பிள் சாறுதானே, இனிக்குதேன்னு சைடரை மொண்டு மொண்டு குடிச்சவன் புல்லுல படுத்து வானத்தை எண்ணுவான். பைண்ட்டுல மூணுல ஒரு பங்குன்னு கேட்டு வாங்கு, 189 மில்லிதான். கஞ்சன்னு அங்க எவனும் சிரிக்க மாட்டான். பல தினுசு ருசி பாக்க வந்தவன்னு நெனைப்பான். பேரிக்காய்ல பண்ணுனதுக்குப் பெரின்னு பேரு, அதையும் நாக்குல வச்சுப் பாரு.

ருசி எழுதுன தாளு ஒண்ணு குடுப்பானுங்களாம். ஆரஞ்சுத் தோலு, காஞ்ச புல்லு, சில சைடருக்குத் தொழுவ வாசம்னே போட்டிருக்குமாம். மாட்டுத் தொழுவத்தைக் கூட்டச் சொன்னப்ப மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுன பய, இப்ப டிக்கெட்டு வாங்கி மோந்து பாக்கப் போற. நடத்து.

எனக்கு ஒண்ணுதான் வெளங்கலை. உசுரோட இருக்குறது, சீக்கிரமாத் தீக்க வேண்டியது, ஊருக்கு ஊரு ருசி மாறுறதுன்னு அவன் மார்தட்டுறதெல்லாம் நம்ம பனங்கள்ளுக்கும் உண்டுல்ல? கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதநீர், தடவலைன்னா கள்ளு, அம்புட்டுதான் வித்தியாசம். பனைக்கு மாநில மரம்னு பட்டம் கட்டுனோம். 1983ல டாஸ்மாக்கைத் தொடங்குனோம். 1987 ஜனவரி 1லேருந்து கள்ளை நிறுத்திப்புட்டோம். மரத்துக்கு மரியாதை, பாட்டிலுக்குக் கடை. நான் குடிச்சேன்னு சொல்லலைப்பு. குடிச்சவங்க பக்கத்துல நின்னுருக்கேன், காத்து அடிச்சிருக்கும். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிப் பழத்துல கொட்டையைத் திருகிட்டு, பழத்தைத் தின்னது போக மிச்சத்தை வீசுறோம். கோவாக்காரன் அதே பழத்தைப் பிழிஞ்சு ஃபெனி ஆக்கி 2009லயே புவிசார் குறியீடு வாங்கிட்டான்.

வெறும் வயித்தோட போகாத. போன தடவை குடுத்து விட்ட ஆதனக்கோட்டை வறுத்த பருப்பு மிச்சம் இருந்தாப் பையில போட்டுக்க. ரெண்டு டம்ளருக்கு நடுவுல தண்ணி குடி. கடைசி நாளு போனா நல்ல பீப்பாயெல்லாம் காலியாக் கெடக்கும், முந்திப் போ. எவனாச்சும் கிளாஸைக் கீழ போட்டு ஒடைச்சா கூட்டமே ஓன்னு கத்தும். சண்டைன்னு நெனைச்சு வேட்டியை மடிச்சுக் கட்டாத, அது அவனுக வழக்கம்.

கேம்பிரிட்ஜுன்னாலே சைக்கிள்தானாமே. அன்னைக்கு அதை வீட்டுலயே விட்டுப்புடு. போதையில சைக்கிள் ஓட்டுனாலும் அங்க குத்தம். கார்க்காரனுக்கு நூறு மில்லி ரத்தத்துல நம்ம நாட்டுல 30 மில்லிகிராம் வரைக்கும் விடுவானுங்க, அங்க 80. அட, தாராளமா இருக்கேன்னு கணக்குப் போடுறியா? அந்தக் கணக்கு வேணாம். விழா நடக்குற புல்வெளியை ஒட்டியே ஆறு ஓடுது. ஒனக்கு நீச்சல் எம்புட்டுத் தெரியும்னு நம்ம ஊருக் கம்மாய்க்குத் தெரியும்.

அந்தா, அப்பத்தா வந்துட்டா. திருவிழாவுல என்ன சாப்புட்டேன்னு நாளைக்குக் கேப்பா. ஆப்பிள் சாறு குடிச்சேன்னு சொல்லு. கொஞ்சம் பழைய சாறுன்னு நான் சொல்லிக்கிறேன்.