பெரியப்பா பையன்கள்

நம் பள்ளிக்கூடத்துப் பையனோடு பழகுவதில் ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. அவனுக்கு நம்மைத் தெரியும். காலாண்டுத் தேர்வில் கணக்கில் வாங்கிய மார்க், ஆறாம் வகுப்பில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர், அப்பாவைக் கூட்டிவரச் சொன்ன கதை எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வேற்றுப் பள்ளிக்காரனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நாம் சொல்வதுதான் சரித்திரம்.

எனக்கு இந்த வசதி என்.சி.சி. முகாமில் கிடைத்தது. பத்து நாள். மதுரைப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றை ஒரே கூடத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுக்கவைத்தார்கள். முதல் நாள் டிரங்குப் பெட்டிகளை வரப்பு மாதிரி அடுக்கி, பள்ளிவாரியாகப் படுத்தோம். வரப்பை அழித்தது பித்தளை துலக்கும் பிராஸோ. எங்களிடம் ஷூ பிரஷ் உண்டு, பிராஸோ இல்லை, பக்கத்து வரப்புக்காரர்களிடம் நேர்மாறு. பெல்ட் பித்தளை மின்னாவிட்டால் ஹவில்தார் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். பிறகு நட்பு வராமல் என்ன செய்யும்?

1948-ல் சட்டம் போட்டு என்.சி.சி.யைத் தொடங்கினார்கள். ஒற்றுமையும் ஒழுக்கமும் அதன் குறிக்கோள். ஒழுக்கத்தைப் பற்றி நான் பேசுவது முறையல்ல. ஒற்றுமை மட்டும் சாப்பாட்டு வரிசையில் செழிப்பாக வளர்ந்தது. மெஸ் டின்னோடு முன்னால் நிற்கும் வேற்றுப் பள்ளிக்காரனைக் காட்டி, "என் பெரியப்பா பையன் சார், எனக்காகத்தான் நிக்கிறான்" என்று நடுவில் புகுந்துகொள்வேன். அந்த முகாமில் எனக்கிருந்த பெரியப்பா பையன்களை எண்ணினால், என் தாத்தாவின் நடத்தை மேலேயே சந்தேகம் வரும்.

ராத்திரிக் காவலுக்கும் வேறு வேறு பள்ளிக்காரர்களைத்தான் ஜோடி சேர்த்தார்கள். யார் வந்தாலும் "தம், கோன் ஆத்தா ஹை" என்று அதட்ட வேண்டும். எங்கள் இருவருக்கும் தெரிந்த இந்தி அதோடு சரி. வருகிறவர் இந்தியிலேயே பதில் சொல்லிவிட்டால்? ஆகவே மனிதர்களைப் போகவிட்டு, நாய்களை மட்டும் அதட்டினோம்.

தூக்கம் வராமலிருக்கப் பேச வேண்டுமே. எங்கள் பள்ளியில் நீச்சல்குளம் இருக்கிறது என்றேன். முழுப் பொய்யில்லை, ஐப்பசியில் மைதானத்தில் வந்து பார்க்கலாம். என் காவல் ஜோடி தன் பள்ளிக் கபடி அணிக்குக் கேப்டன் என்றான். காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொள்ளும் உடம்பு. இருந்தாலும் மறுபேச்சில்லாமல் நம்பினேன். அவனும் நீச்சல்குளத்தின் ஆழத்தைக் கேட்கவில்லை. பெருந்தன்மை.

ஜூன் மாதம் கணக்கு டியூஷனில் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் கபடி கேப்டன்! அவன் வகுப்புப் பையன்கள் நாலு பேர், என் வகுப்புப் பையன்கள் மூன்று பேர். பத்து நிமிடத்தில் பட்டப்பெயர்கள் கைமாறிவிட்டன. வாத்தியார் வருவதற்குள் நீச்சல்குளமும் வற்றிவிட்டது.

முகாமுக்குப் போகிற தம்பிகளே, பிராஸோவை மறக்காமல் எடுத்துப் போங்கள். அளப்பதற்கு முன் மட்டும், எதிராளி எந்த டியூஷனில் படிக்கிறான் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.