தொட்டால் அலறி

மின்சார இசையின் வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கச்சேரி மேடையில் தொடங்குவார்கள். நியாயமாகப் பார்த்தால் ஒரு மனிதரின் காதில் தொடங்க வேண்டும்.

1800ஆம் ஆண்டு. வெள்ளித் தட்டு, துத்தநாகத் தட்டு, உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கி, உலகின் முதல் பேட்டரியைச் செய்து முடித்திருந்தார் இத்தாலிக்காரர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா. சரி, இதை வைத்து என்ன செய்வது? விளக்கு இல்லை, மோட்டார் இல்லை, மணி அடிக்கக்கூட ஒரு சாதனம் இல்லை. கைவசம் இருந்தது உடம்பு ஒன்றுதான். நாக்கில் வைத்துப் பார்த்தார், புளித்தது. கண்ணருகே வைத்துப் பார்த்தார், மின்னலடித்தது. பிறகு இரண்டு காதிலும் காதுக்கொரு உலோகக் கம்பியைச் செருகிக்கொண்டு இணைப்பைக் கொடுத்தார். மண்டைக்குள் ஓர் உலுக்கல். அதைத் தொடர்ந்து கெட்டியான மாவு கொதிப்பது போன்ற ஒரு சடசடப்பு. மூளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தோன்றியதால் மறுபடி செய்து பார்க்கவில்லை என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஒரே காட்சி, ஒரே ரசிகர், அவரும் பாதியில் எழுந்து போய்விட்டார்.

மின்சாரத்தில் கை வைக்காதே என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்டவர்கள் பொறியாளர் ஆனார்கள். கேட்காதவர்களின் வம்சாவளி கீழே.

அடுத்த வாரிசு ஒரு சிறுவன். பெயர் யாருக்கும் நினைவில்லை. எலிஷா கிரேயின் அக்காவோ தங்கையோ பெற்ற பிள்ளை, அல்லது அண்ணன் தம்பி மகன், ஏதோ ஒன்று. கிரே அமெரிக்காவில் பெரிய தந்திப் பொறியாளர், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1874இன் தொடக்கத்தில் ஒருநாள் குளியலறைப் பக்கம் போனால் உள்ளே ஏக சிரிப்பு. பையன் மாமாவின் மின்சுருளைக் கொண்டுவந்து, ஒரு முனையைக் குளியல் தொட்டியின் துத்தநாகத் தகட்டில் மாட்டி, மறு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டில் இருந்த பொடிசுகளைச் சிரிக்க வைக்கத் தானே ஷாக் வாங்கி விளையாடிக்கொண்டிருந்தான். அவன் கை தொட்டியில் உரசும்போதெல்லாம் தகட்டிலிருந்து ஒரு ரீங்காரம் எழுந்தது. மின்சுருளின் அதிர்வி என்ன சுருதியில் துடித்ததோ அதே சுருதி. கையை அழுத்தித் தேய்த்தால் சத்தம் கூடியது.

வேறு மாமாவாக இருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பார். கிரே பையனை நகர்த்திவிட்டுத் தானே தொட்டியைத் தேய்க்க உட்கார்ந்தார். அந்தத் தேய்ப்பிலிருந்துதான் தந்திக் கம்பியில் இசைச் சுரங்களை அனுப்பும் அவருடைய கருவி பிறந்தது. பேச்சையும் அனுப்பலாம் என்ற எண்ணம் அதன் பிறகு வந்து, 1876 பிப்ரவரி 14 அன்று காப்புரிமை அலுவலகத்துக்கு அவருடைய காகிதம் போய்ச் சேர்ந்தது. அதே நாளில் கிரகாம் பெல்லின் காகிதமும் போய்ச் சேர்ந்தது. மீதியை நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதில் கிரே வரமாட்டார், குளியல் தொட்டியும் வராது.

இந்த இடத்தில் ருஸோலோவைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். லூயிஜி ருஸோலோ இத்தாலிய ஓவியர். இசைக்கு இனி ஏழு சுரம் போதாது, ரயிலும் தொழிற்சாலையும் எழுப்பும் இரைச்சல் வேண்டும் என்று 1913இல் அறிக்கை விட்டார். 1914 ஏப்ரலில் மிலான் நகரத் தியேட்டர் ஒன்றில், கைப்பிடியைச் சுற்றினால் உறுமும் பெட்டிகளை வரிசையாக நிறுத்திக் கச்சேரியும் நடத்தினார். ரசிகர்கள் தங்கள் பங்குக்குக் கத்தினார்கள். ருஸோலோ நடத்துவதை நிறுத்தவில்லை. அவருடைய நண்பர்கள் மட்டும் மேடையிலிருந்து குதித்து இறங்கி ரசிகர்களைப் போட்டு அடித்தார்கள். எது கச்சேரி, எது கலவரம் என்று காதை மட்டும் நம்பிச் சொல்ல முடிந்திருக்காது; அந்த வகையில் அறிக்கை முழு வெற்றி. ஆனால் அந்தப் பெட்டிகளின் ஒலி மின்சாரத்தில் பிறந்ததும் இல்லை, தொடுகையில் பிறந்ததும் இல்லை, ஆகவே நமக்கு அவர் தூரத்து உறவுதான்.

தெர்மின் அதைவிட விசித்திரமான உறவு. லெவ் தெர்மின் 1920 வாக்கில் பெத்ரோகிராத் ஆய்வகத்தில் வாயுக்களை அளக்க ஒரு கருவி செய்தார். கை பக்கத்தில் வந்தாலே அது விசிலடித்தது. வாயுவை ஓரமாக வைத்துவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு 1922இல் லெனினிடம் போய்க் காட்டினார். லெனின் தானும் வாசித்துப் பார்த்தார். தொடவே தொடாமல் காற்றில் கையசைத்து வாசிக்கும் வாத்தியம்! அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் அதைச் சுமார் 500 எண்ணிக்கையில் செய்து கடைக்கு அனுப்பியது. அனுப்பிய வருடம் 1929. பங்குச் சந்தை குப்புற விழுந்தது. தொடத் தேவையில்லாத வாத்தியத்தை அதிகம் பேர் தொடவில்லை.

தொடுகைக்கு மறுவாழ்வு கிடைத்தது சான் ஃபிரான்சிஸ்கோவில். மார்ட்டன் சபாட்னிக், ரமோன் செண்டர் என்ற இரண்டு இசையமைப்பாளர்கள், ஒலிநாடாவை வெட்டி ஒட்டி ஒட்டியே கை ஓய்ந்து போய், இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெட்டி செய்து தரமுடியுமா என்று டான் புக்லாவைக் கேட்டார்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் 500 டாலர் ஒதுக்கினார்கள். புக்லா செய்து கொடுத்தார். ஆனால் பியானோ கட்டை வைக்கவில்லை. கறுப்பு வெள்ளைக் கட்டையைப் பார்த்தால் விரல் தானாகப் பழைய பாட்டைத்தான் வாசிக்கும் என்பது அவர் கட்சி. அதற்குப் பதில் வெறும் உலோகப் பட்டைகள். அசையாது, அமுங்காது. தோல் பட்டால் மின்னழுத்தம் மாறும், அவ்வளவுதான். கிழக்குக் கரையில் ராபர்ட் மூக் கட்டை வைத்த சிந்தசைசரைச் செய்து உலகப் புகழ் பெற்றார். புக்லா கட்டை வைக்காமல் செய்து, வாங்கியவர்களையெல்லாம் இதில் ‘ச’ எங்கே இருக்கிறது என்று தேட வைத்தார்.

புக்லா அறுபதுகளின் கலிபோர்னியாக்காரர். அந்த வட்டாரத்தில் எல்எஸ்டி என்ற போதைப்பொருள் தண்ணீர் பட்ட பாடு. சில கருவிகளின் சிவப்புப் பலகைகளில் அவர் அதைத் தோய்த்து வைத்திருக்கிறார் என்று ஒரு வதந்தி நெடுங்காலம் உலவியது. கதை என்று எல்லோரும் தள்ளிவிட்டார்கள். 2019இல் ஒரு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அலமாரியில் கிடந்த பழைய புக்லாவைப் பழுது பார்க்க எடுத்தார் ஒரு தொலைக்காட்சி நிலையப் பொறியாளர். ஒரு குமிழுக்கு அடியில் ஏதோ படிகம் போல் ஒட்டியிருந்தது. திரவம் தெளித்து விரலால் தேய்த்துத் துடைத்தார். முக்கால் மணி நேரத்தில் உடம்பு ஒரு மாதிரி ஆனது. சோதித்ததில் எல்எஸ்டி. ஒன்பது மணி நேரம் மனிதர் தரையில் இல்லை. வாசிப்பவர் கருவியைத் தொட்டால் கருவி மாறும் என்பதுதான் புக்லாவின் தத்துவம். தொட்டவரே மாறியது கொசுறு.

இங்கிலாந்தில் மின்னிசைக்காரர் பீட்டர் ஜினோவியெஃப் கல்யாணத்தில் மனைவிக்கு வந்த முத்து மகுடத்தை விற்று வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு கணிப்பொறி வாங்கினார் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். தாலியை அடகு வைத்துப் படம் எடுத்தவர்கள் இங்கே மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

இனி ஆம்ஸ்டர்டாம். 1969 நவம்பர் 17. கொன்செர்ட்கெபாவ் அரங்கில் பெர்னார்ட் ஹைட்டிங்க் கைக்கோலைத் தூக்குகிறார், 18ஆம் நூற்றாண்டுப் புல்லாங்குழல் இசை மெல்ல எழுகிறது. திடீரென்று நாலா பக்கமும் கடகட கொடகொட சத்தம். பாக்குவெட்டிக்கு அண்ணன் முறையான கொட்டை உடைக்கும் இடுக்கி, தகரத் தவளை, ஊதுகுழல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து ஒரு கும்பல் கிளம்பியிருந்தது. கும்பலில் லூயி ஆன்ட்ரீசன், மிஷா மெங்கல்பெர்க், ரைன்பெர்ட் டி லேவ். அத்தனை பேரும் படித்த இசையமைப்பாளர்கள். செத்துப்போனவர்களின் இசையையே எத்தனை நாள் வாசிப்பீர்கள், எங்களைப் பற்றியும் பேசுங்கள் என்பது கோரிக்கை. பேசவில்லை; தூக்கி வெளியே போட்டார்கள். அதே கூட்டம்தான் அதே வருடம் ஸ்டைம் என்ற மின் வாத்தியக் கூடத்தையும் தொடங்கியிருந்தது. கலாட்டா செய்கிறவர்களுக்கு ஒரு பட்டறையும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை மிஷெல் வைஸ்விஸ்.

வைஸ்விஸ் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பாவின் சிற்றலை ரேடியோவின் உள்ளே விரலை விட்டு நோண்டியவர். வெளியே இருக்கும் குமிழைத் திருகினால் நிலையம் வரும்; உள்ளே இருக்கும் பாகத்தைத் தொட்டால் வேறு என்னவோ வரும், கூடவே ஷாக்கும் வரும். இந்த இரண்டாவது வகை நிகழ்ச்சிதான் அவருக்குப் பிடித்தது. வளர்ந்த பிறகும் புத்தி வரவில்லை. ஹேர்ட் ஹாமல்பெர்க் என்ற நண்பருடன் சேர்ந்து அதையே ஒரு வாத்தியமாக்கினார். டச்சில் க்ராக்டோஸ். நாம் சடசடப் பெட்டி என்று கூப்பிடலாம்.

பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். கைக்கு அடக்கமான மரப்பெட்டி, ஒரு சின்ன ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி ஒன்று. மேலே ஆறு உலோகத் தகடுகள். உள்ளே 709 என்ற ஒரே ஒரு சிப். கதையின் வில்லன் அல்லது கதாநாயகன் அதுதான். 1965இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் பாப் விட்லர் வடிவமைத்தது. நுழையும் சிக்னலை 40,000 மடங்குக்கும் மேல் பெருக்கும். இவ்வளவு பெருக்கினால் ஒரு தொல்லை: வெளியே வருவதில் துளி திரும்ப உள்ளே கசிந்தாலும் சிப் தன் குரலைத் தானே கேட்டு வீறிட ஆரம்பித்துவிடும். அதை அடக்கச் சில கால்களில் வெளியிலிருந்து சின்னக் கெப்பாசிட்டர்களும் ரெசிஸ்டரும் மாட்ட வேண்டும். மாட்ட மறந்த பொறியாளர்கள் பட்ட பாட்டைக் கண்ட ஃபேர்சைல்ட், 1968இல் 741 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. கெப்பாசிட்டரை உள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள், வெறும் 30 பிக்கோஃபாரட். சிப் திருந்திவிட்டது. உலகமே 741க்கு மாறியது.

வைஸ்விஸ் மாறவில்லை. அவர் 709இன் அந்த அடக்கும் கால்களிலிருந்து கம்பி இழுத்து நேராகத் தகடுகளில் கொடுத்தார். கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது உங்கள் விரல். ஒரு தகட்டில் சுட்டுவிரல், இன்னொன்றில் பெருவிரல் வைத்தால் வெளிவருவது உங்கள் தோல் வழியாக ஓடித் திரும்ப உள்ளே நுழையும், பெட்டி ஊளையிடும். அழுத்தினால் ஊளை ஏறும். விரலை நக்கிவிட்டுத் தொட்டால் தோலின் தடை குறைந்து வேறொரு குரல். விரலை லேசாக உருட்டினால் கோழி கொக்கரிப்பது, டயரில் காற்று இறங்குவது, பக்கத்து வீட்டுக் குழந்தை அடம்பிடிப்பது எல்லாம் வரும். நேற்று வந்தது இன்று வராது. நேற்று உங்கள் கை இவ்வளவு வியர்த்திருக்காது. பேட்டரியில் ஓடுவதால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. சுவரில் செருகும் எந்தச் சாமானையும் திறந்து இதை முயன்று பார்க்க வேண்டாம்; வம்சாவளியில் உங்கள் பெயர் வேறு பத்தியில் வந்துவிடும்.

எழுபதுகளில் சுமார் 4,000 பெட்டிகள் விற்றன. நாலாயிரம் டச்சு வீடுகளில் சும்மா கிடந்த சங்குகள் ஊதப்பட்டன என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. வைஸ்விஸ் பிற்பாடு ஸ்டைம் கூடத்துக்கே இயக்குநர் ஆகி, 1984இல் இரண்டு கைகளிலும் சென்சார்களைக் கட்டிக்கொண்டு, கையை விரித்தும் மடக்கியும் சிந்தசைசர்களை ஆட்டி வைத்தார். அதைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு என்னவோ அந்த மரப்பெட்டிதான் மனதுக்குப் பக்கம்.

அமெரிக்காவில் சின்சினாட்டியில் ரீட் கஸாலா என்ற பையன் அறுபதுகளிலேயே தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்திருந்தான். மேசை இழுப்பறையில் மூடி கழன்று கிடந்த ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர், ஏதோ உலோகத்தில் உரசி, பிரமாதமாகக் கத்தியது. மற்ற பிள்ளைகள் பேட்டரியைக் கழற்றியிருப்பார்கள். இவன் பேசும் பொம்மைகளையெல்லாம் பிரித்து, ஷார்ட் சர்க்யூட் செய்து, ஈர விரலால் தொட்டுப் பேய் பிடிக்க வைப்பதை ஒரு கலையாகவே வளர்த்தான். பொம்மை செய்த கம்பெனிகளுக்கு இப்படி ஒரு பயன் தங்கள் சரக்கில் இருப்பது கடைசிவரை தெரியாது.

விட்லரை இப்படி அந்தரத்தில் விட்டுவிட்டுப் போவது தர்மமில்லை. சிப் உலகத்தின் மகா மேதை, மகா குடிகாரர், சத்தம் அறவே ஆகாது. தம் அறையில் அவரே ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். யாராவது உள்ளே வந்து குரலை உயர்த்தினால் அது கேட்டுக்கொண்டு, காது குடையும் உச்ச சுருதியில் கீச்சிடும். பேச்சு அடங்கினால் அதுவும் அடங்கும். வந்தவருக்குக் காதில் ஏதோ கோளாறு என்று தோன்றும், எழுந்து போய்விடுவார். அதாவது 709இன் தகப்பனாரே ஓர் இரைச்சல் வாத்தியக்காரர். ரசிகர்களை விரட்டுவதற்காக வாசித்தவர். சரியாக வேலை செய்யாத பாகம் எதுவும் கையில் சிக்கினால் சுத்தியலால் பொடிப்பொடியாக நொறுக்குவது அவர் வழக்கம். கழற்றித் தூரப் போட்டால் எவனாவது பொறுக்கி மறுபடி மாட்டிவிடுவான் என்ற பயம். நல்லவேளை, ஆம்ஸ்டர்டாம் பக்கம் அவர் போகவில்லை.

சடசடப் பெட்டியின் வரைபடம் இன்று யார் கையிலும் கிடைக்கும். ஒரு மாலையில் ஈயம் வைத்து முடிக்கிற வேலைதான். சிக்கல் 709இல். உலகத்தின் எந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் கல்லாவில் இருப்பவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு நல்லெண்ணத்தில் ஒன்று சொல்வார்: “அது ரொம்பப் பழசு சார். 741 எடுத்துக்குங்க, விலையும் கம்மி. என்ன பண்ணாலும் கத்தவே கத்தாது.” கேட்க வந்தவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்.