வண்ணத்துப்பூச்சியை எல்லா மெசினும் வெட்டும்

எட தம்பி, ஸ்ரிக்கர் வெட்டுற மெசின் வாங்கப் போறியாம், கொம்மா சொன்னவ. நல்ல விசயம். சீட்டுக்காசைக் கொண்டு ஒரு பெடியன் பிரயோசனமாய் ஏதும் செய்யப் போறன் எண்டால் நான் தடுக்கிற ஆள் இல்லை. கடைக்குப் பேர் வச்சிட்டாய், பேஸ்புக்கில பக்கம் திறந்திட்டாய், சாமி படத்துக்குக் கீழ மெசின் வைக்க மேசையும் போட்டிட்டாய். ஒண்டுதான் கேக்கிறன், கோவிக்காதை: வாங்கிற சனம் ஆர்?

"கூட்டாளிமார் இருக்கினம்" எண்டு சொல்லாதை. கூட்டாளிமார் ஸ்ரிக்கர் வாங்காயினம், கேப்பினம்.

வண்ணார்பண்ணையில ஆறுமுக நாவலர் செய்ததை ஒருக்கா யோசிச்சுப் பார். 1848 இல பள்ளிக்கூடம் துடங்கினார். பிள்ளையள் வந்திட்டினம், இனிப் புத்தகம் வேணும். 1849 இல சென்னைக்குப் போனார். போன கையோட அச்சு மெசினைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறேல்லை. சூடாமணி நிகண்டையும் சௌந்தரியலகரியையும் உரையோட அங்கையே அச்சிடுவிச்சுப் போட்டுத்தான் மெசினோட திரும்பினார். அதுக்கு முந்தி, 1820 இல, அமெரிக்க மிசன்காரரின்ர கதை வேற. அச்சு மெசினும் வந்துது, அச்சடிக்க ஜேம்ஸ் கரெட் எண்ட ஆளும் வந்தார். வெள்ளைக்கார அரசாங்கம் அனுமதி குடுக்காமல் ஆளைத் திருப்பி அனுப்பிப் போட்டுது. மிசன் மானிப்பாயில தன்ர அச்சை நடத்த 1834 ஆச்சு. மெசினை முதல் பாத்தவை பதினாலு வருசம் காத்திருந்தினம். சனத்தை முதல் பாத்தவர் அடுத்த வருசமே சென்னைக்குப் போனார். நீ எந்தப் பக்கம் எண்டு நீயே சொல்லு.

அதாலை முதல் கொஞ்சக் காலம் ரவுணுக்குள்ள ஏற்கெனவே மெசின் வச்சிருக்கிறவனிட்டை வெட்டுக்கூலி குடுத்து வெட்டுவி. நீ ஓடர் பிடி, ஒட்டு, காசை எண்ணு. ஓட்டோக்காரர் கண்ணாடியில என்ன எழுதக் கேக்கினம், பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப்போட்டிக்கு எத்தினை ரீசேட் போகுது, மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் 1904 இல துடங்கின பெரும் போர் எண்ட கிரிக்கெற் மாச்சுக்கு மாசி, பங்குனியில பெடியள் எப்பிடி அந்தரப்படுறாங்கள் எண்டு அப்பத்தான் பிடிபடும். வெட்டுக்கூலி குடுத்துக் குடுத்து வயிறு எரியத் துடங்கினால், மெசின் வாங்குற நாள் வந்திட்டுது எண்டு வை.

இன்னுமொண்டு. கண்ணீர் அஞ்சலிப் பனருக்கு ஓடர் எடுத்துப் போட்டு இந்த மெசினுக்கு முன்னால போய் நில்லாதை. அதுக்குக் கத்தி இருக்கு, மை இல்லை. நிற நிறமாய் ரோல் வாங்கி, எழுத்தை வெட்டி, மிச்சத்தை உரிச்சு, ரேப்பில எடுத்து ஒட்டுறதுதான் உன்ர தொழில். செத்தவற்ற படத்தை அது அடிச்சுத் தராது.

இனி அளவு. பன்ரெண்டு இஞ்சி மெசின் வடிவாய் இருக்கும், மேசையில அடக்கமாய் நிக்கும். ஆனால் ரீசேட்டுக்குச் சூட்டில ஒட்டுற வினைல் பெரும்பாலும் 50 சென்ரிமீற்றர் அகல ரோலில வரும். அதை நறுக்கி நறுக்கியே உன்ர வாலிபம் போயிடும். இருபத்துநாலு இஞ்சி வாங்கு. நாலு அடி மெசினை இப்ப நினையாதை, அதை வச்சால் நீ படுக்கிறது விறாந்தையிலதான்.

விக்கிறவன் "500 கிராம் அழுத்தம்" எண்டு புழுகுவான். தம்பி, நீ வெட்டப் போறது ஆட்டுத்தொடை இல்லை. சாதாரண வினைல் ஒரு மில்லிமீற்றரில பத்தில ஒரு பங்கு தடிப்பும் இல்லை, நூறு கிராம் கிட்ட அழுத்தினால் காணும். ரோலண்ட் கொம்பனியின்ர ஜிஎஸ்-24 எண்ட பேர்போன மெசினே 350 கிராமோடதான் உலகம் முழுக்க ஓடினது. பாக்க வேண்டியது வேற: ரெண்டு மீற்றர் நீளம் வெட்டேக்க ரோல் கோணாமல் போகுதோ, படம் அடிச்ச ஸ்ரிக்கரைச் சுத்தி வெட்ட அடையாளம் பாக்கிற கண் இருக்கோ, கத்தி உடைஞ்சால் இஞ்சை வாங்கலாமோ, கொழும்புக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேணுமோ.

கடையில வெட்டிக் காட்டுறது நெடுகலும் வண்ணத்துப்பூச்சிதான். வண்ணத்துப்பூச்சியை எல்லா மெசினும் வெட்டும். நீ "யாழ்ப்பாணம் – கிளிநொச்சி" எண்டு சின்ன எழுத்தில எழுதிக் கொண்டு போய் வெட்டச் சொல்லு. நாலு புள்ளி இருக்கு. கத்தி திரும்புற கணக்கு ஒரு மயிரிழை பிசகினாலும் வட்டம் துடங்கின இடத்தில வந்து முடியாது, உரிக்கேக்க புள்ளியும் சேர்ந்து கிளம்பி வரும். முந்தி ஏடு எழுதினவை ஓலை பொத்துப்போம் எண்டு புள்ளியே குத்தாமல் விட்டவை. அது புலவர் படிக்கிற ஏடு, நிரப்பிப் படிச்சினம். மினிபஸ் முதலாளி நிரப்பிப் படியான், காசைக் குறைப்பான்.

"கி"யும் "ளி"யும் வேற சோதினை. பாமினி எண்ட எழுத்துருவில எழுதினால் எழுத்து ஒரு துண்டு, மேல வளையிற விசிறி வேற துண்டு. ரெண்டையும் ஒண்டாய் இணைக்காமல் அனுப்பினால், மெசின் ஒண்டுக்கு மேல மற்றதைக் கீறி வெட்டும். அது மெசின்ர பிழை இல்லை, கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறவற்ற பிழை. ரீசேட்டுக்கு வெட்டேக்க எழுத்தை இடம்வலம் திருப்பி வெட்ட மறவாதை. இல்லாட்டி மாச் பாக்க வந்த சனம் கண்ணாடியோட வர வேண்டிக் கிடக்கும்.

கொம்மான் கனடாவிலயிருந்து மெசின் அனுப்புறாராம் எண்டும் ஒரு கதை. வேண்டாம் எண்டு சொல்லாதை, அடப்ரரில என்ன எழுதிக் கிடக்கெண்டு முதல் கேள். 100 முதல் 240 வோல்ற் எண்டால் பயமில்லை. ஆனால் ரீசேட் ஒட்டுற ஹீற் பிறெஸ்ஸையும் சேர்த்து அனுப்புவார். அங்க 120, இஞ்சை 230. செருகினால் ரீசேட்டுக்கு முந்திப் பிறெஸ் வெந்துபோம். அவர் அனுப்புறது கிறிகட் எண்ட கொம்பனியின்ர மாதிரி மெசின் எண்டால், கணக்குத் திறந்து கொம்பனியின்ர செயலிக்குள்ளாலதான் வேலை. 2021 பங்குனியில அந்தக் கொம்பனி, சந்தா கட்டாதவை மாசத்துக்கு இருபது படம்தான் ஏத்தலாம் எண்டு அறிவிச்சுது. சனம் கொதிச்ச கொதியில கெதியாய்ப் பின்வாங்கிச்சுது. உன்ர மெசினுக்கு வேற ஆரும் திறப்பு வச்சிருக்கினமோ எண்டு பாத்து வாங்கு.

காசு முழுக்க மெசினில போடாதை. ரோல், கத்தி, ஒட்டுற ரேப், கரண்ட் போனால் பாதி வெட்டில நில்லாமல் இருக்க ஒரு யூபிஎஸ், எல்லாத்துக்கும் மிச்சம் வேணும். 2022 இல ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் போனது மறந்து போச்சோ? மிச்சத்தை உரிக்கிற வேலைக்கு ஆச்சியைக் கேள். பொறுமையும் நகமும் அவவிட்டைத்தான் இருக்கு. சம்பளம் குடு, இல்லாட்டி ஊர் முழுக்கச் சொல்லுவா.

உதெல்லாம் எனக்கெப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறாய் என்ன? மெசின் வச்சிருக்கிற பெடியனுக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடுத்தால் அவன் யூரியூப்பில சொல்லாததெல்லாம் சொல்லுவான்.

மெசின் வந்த அண்டு முதல் ஸ்ரிக்கராய் "கடன் சொல்லாதீர்கள்" எண்டு வெட்டி மேசைக்கு மேல ஒட்டு. அதிலயும் நாலு புள்ளி, சோதினையும் முடிஞ்சுபோம். பிறகு என்ர சைக்கிளுக்கு "முருகன் துணை" எண்டு ரெண்டு பக்கத்துக்கும் வெட்டித் தா. காசு தைப்பொங்கலுக்குப் பாப்பம்.