குறி சுட்ட குடும்பம்

வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள ஒழுங்கையொன்றில், ஐந்தாம் மாடி வீட்டில் வசிக்கும் ஒரு ஸ்திரீ, தான் ஒரு பெரிய மாட்டுப்பட்டிக்குச் சொந்தக்காரரின் மகள் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் அவளது முகத்தையும் பிறகு அவளது பால்கனியையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். பால்கனியில் இரண்டு துளசித் தொட்டிகள் மாத்திரமே இருப்பதைக் கண்டு திருப்தியடைந்தபின் சம்பாஷணையைத் தொடர்கிறார்கள்.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்தது. பட்டி மேற்கே படுவான்கரையில். இடையிலே வாவி. மண்முனையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை அக்கரைக்குப் போகிறவர்கள் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறித்தான் போகவேண்டும். அதிலே மனிதரும் சைக்கிளும் நெல்மூட்டையும் சரிசமமாக நெருக்குண்டு பிரயாணம் செய்த காட்சியைப் போன்ற ஜனநாயகத்தைப் பிற்பாடு நான் எந்தத் தேர்தலிலும் கண்டதில்லை.

பட்டியென்றால் ஓடுபோட்ட கொட்டிலும் தொட்டியும் வரிசையாகக் கட்டிய பசுக்களுமென்று கொழும்பார் கற்பனை செய்கிறார்கள். எங்கள் மாடுகள் தம் ஆயுளில் ஒரு கூரையையும் கண்டதில்லை. வெள்ளாமை தலையெடுக்கும் காலத்தில் காட்டோரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போகப்படும் அவை, அறுவடையும் சூடடிப்பும் முடிந்தபின் வட்டைகளென்னும் வயல்வெளிகளுக்குத் திரும்பிவந்து, மிஞ்சிய வைக்கோலைத் தின்று, வயலுக்குப் பசளையும் எங்களுக்குத் தயிரும் தந்து, எவருக்கும் கடன்படாமல் வாழ்ந்தன. இடையிலே ஒரு நாம்பன் புத்திகெட்டுப் பிறர் வயலுக்குள் இறங்கிவிட்டால் மாத்திரம், நஷ்டஈடு பேசுவதற்கு, வயற்காரியங்களை மேற்பார்க்கும் வட்டை விதானையார் வீட்டுக்கு எழுந்தருளுவார். அம்மா அவருக்குக் கொடுக்கும் தேநீரில் சீனி எவ்வளவென்பதைக் கவனித்து, நாம்பன் எத்தனை மரைக்கால் நெல்லை அழித்திருக்குமென்று நாங்கள் ஊகித்துக்கொள்வோம்.

இனி, குறியின் விஷயம். மட்டக்களப்பிலே ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு; குடி தாய்வழியாக வருவது; ஒரே குடிக்குள் விவாகம் செய்வதில்லை. அந்தந்தக் குடிக்கென்று மாட்டுக்குச் சுடும் குறியும் உண்டு. உடையவரின் பெயரெழுத்தும் குடிக்குறியும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின்மேல் இடப்படும். அரசாங்கமும் தன் பங்குக்கு 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தால் மாட்டின் குறிக்கும் கைமாறும் சீட்டுக்கும் விதிகள் செய்தது. எனது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் என் பெயரே பிழையாக எழுதப்பட்டிருக்க, எங்கள் மாடுகளின் பத்திரங்களில் ஒரு புள்ளியும் பிசகியதில்லை என்பதை இங்கே வயிற்றெரிச்சலோடு பதிவுசெய்கிறேன்.

இந்த ஏற்பாட்டினால் எங்கள் வீட்டில் விளைந்த அனர்த்தத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அம்மாவின் தாயாராகிய பெத்தாவும் அம்மாவும் பிள்ளைகளாகிய நாங்களும் ஒரு குடி. அப்பா வேறு குடி. வீடோ, அவ்வூர் வழக்கப்படி, அம்மாவின் சீதனம். ஆகவே, தமது சொந்தக் குடியைச் சேர்ந்த ஒரு ஜீவனின் முகத்தைப் பார்க்க அப்பாவுக்கு ஆசை வந்தால், அவர் பாதையேறி வாவியைக் கடந்து பட்டிக்குத்தான் போகவேண்டியிருந்தது. கிழமைக்குக் கிழமை அவர் தவறாது போனதற்குக் கால்நடைப் பரிபாலனமே காரணமென்று ஊரார் புகழ்ந்தார்கள். எனக்கு வேறு அபிப்பிராயம்.

அங்கேயும் அவருக்குப் பூரண நிம்மதி கிட்டியதென்று சொல்வதற்கில்லை. ஏனெனில், அம்மாவின் சீதன மாடுகளும் அம்மாவின் குடிக்குறியோடு அதே பட்டியில் மேய்ந்தன. அவற்றில் ஒன்று கன்று ஈன்றால் கன்றுக்குத் தாயின் குறியே சுடப்படும். காளை யாருடையதென்று ஒருவரும் விசாரிப்பதில்லை. இந்த அநீதியை ஒருநாள் இராச் சாப்பாட்டின்போது சுட்டிக்காட்டி, “அந்தக் காளைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?” என்று அப்பா பொதுவாகச் சபையைக் கேட்டார். பெத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே, “காள இப்பிடி வந்து ஞாயம் கேட்டத நான் காணல்ல, மருமகன்” என்றார். அப்பா தயிரைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார். தயிரும் அம்மாவின் எருமையினுடையது.

1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி அந்தப் பட்டியை என்ன செய்ததென்பது நகைச்சுவைக் கட்டுரையில் எழுதத்தக்கதன்று. எழுதாமல் விடுகிறேன்.

அதற்கு முன்னரே நான் கலியாணமாகிக் கொழும்புக்கு வந்துவிட்டேன்; முதலில் கொட்டாஞ்சேனை, பிறகு வெள்ளவத்தை. கொட்டாஞ்சேனையில், தகரத்து மாவைக் கரைத்து அதைப் பாலென்று கூசாமல் பரிமாறினார்கள். அதைச் சகித்தேன். ஆனால், பட்டணத்து நாகரிக மாந்தரிடம் குறிபார்க்கும் வழக்கம் இராதென்று நான் எண்ணியிருந்ததை வெள்ளவத்தை பொய்யாக்கியது. சந்தைக்குப் போனால், மீன் விலை கேட்க வந்த மாது, “பிள்ளை எவடம்?” என்பார். ஊரைச் சொன்னால் “ஊரிலை எவடம்?” தெருவைச் சொன்னால் “ஆற்றை ஆக்கள்?” எங்கள் பட்டிக்காரர் ஒரு மாட்டின் குறியைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வையில் படித்துவிடுவார், இவர்களுக்கோ கால்மணி நேரம் வேண்டியிருந்தது. ஒருநாள் பொறுமையிழந்து நான் எனது குடியின் பெயரையே சொல்லிவிட்டேன். “அது எந்த ஸ்டேஷனுக்குக் கிட்ட?” என்று அந்த மாது கேட்டார்.

அப்பா ஒரேயொரு தடவை எங்களிடம் வந்து தங்கினார். ஆடிவேல் சமயம் அது. செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட வேல்ரதம் பம்பலப்பிட்டிக்கு வரும் வழியிலே, ஜனங்களெல்லாம் சுவாமியைப் பார்த்துக் கைகூப்பி நிற்க, அப்பா ஒருவர் மாத்திரம் ரதத்து வெள்ளைக் காளைகளின் பின்புறமாகச் சுற்றிப்போய்க் குனிந்து பார்த்தார். தொண்டர் ஒருவர் அவரை மரியாதையாக அப்புறப்படுத்தினார். “நல்ல மாடு. ஆனா குறி ஒண்டையும் காணல்ல” என்று வீட்டுக்கு வரும்வரையில் வருந்திக்கொண்டே வந்தார்.

மறுநாள் இரவு ரயிலுக்கே புறப்பட்டுவிட்டார். பட்டியிலே ஒரு பசு ஈனும் நாளாம். தாம் பக்கத்தில் இல்லாவிட்டால் அது பயந்துவிடுமாம். கோட்டை ஸ்டேஷனில் வண்டி புறப்படும் தறுவாயில், அந்தப் பசு யாருடைய குறி என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லாமல் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். அம்மாவுடையதாகத்தான் இருக்கவேண்டும்.